ஹனோராவின் தக்கை

மார்ச் 12, வியாழக்கிழமை

நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. கினன் வீட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் தக்கை ஓக் மரம் என்று எழுதியிருந்தேன். அது எல்ம். இன்று கடையிலிருந்து கோழித் தீவனம் கொண்டுபோய் இறக்கியபோது மலக்கி கினனின் மனைவி பிரீடாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் ரொட்டி மாவு ஒட்டிய கையோடு திரும்பிப் பார்த்தார்.

"ஓக்கா? யாருடா சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா எழுதிட்டேன்."

"நல்ல வேளை, மலக்கி காதுல விழல. எல்ம்தான் ஊறினா இறுகும்னு ஆரம்பிச்சு, உன்னச் சாயங்காலம்வரைக்கும் உக்கார வச்சிருப்பான்."

செவ்வாய்க்கிழமை மாலைகளில் தேவாலயப் பங்குக் கூடத்தில் நடக்கும் எழுத்து வகுப்புக்கு நான் போகிறேன். பார்த்ததை ஒரு பத்தியிலும் நினைத்ததை வேறு பத்தியிலும் எழுத வேண்டும் என்பது ஆசிரியை டெலஹன்ட் போட்ட விதி. தக்கையைப் பார்த்தேன், ஓக் என்று நினைத்தேன், இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டேன். எனக்கு இது வழக்கமாகிவிட்டது.

தக்கையைப் பற்றியே முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் கால்வாயில் மரப்படகு வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் அதை மூழ்கடித்து வைப்பார்கள். கரையில் ஏற்றினால் பலகை காய்ந்து இடுக்கு விடும். மிதக்க விட்டால் பனி கடிக்கும். படகின் அடியிலிருக்கும் தக்கையை உருவி, உள்ளே கற்களை அடுக்கி, துறையின் சேற்றில் உட்கார வைத்துவிட்டால் மரம் கெடாது. உருவிய தக்கை அடுக்களையில் தொங்கும். அது தொங்கும்வரை படகுக்கு ஆள் இருக்கிறது என்று பொருள். வசந்தத்தில் கல்லை எடுத்து, தக்கையை அடித்து, தண்ணீரை இறைத்தால் படகு மேலே வந்துவிடும்.

மலக்கி கினன் தன் படகு ஹனோராவை முந்தின வருடம் நவம்பரில் மூழ்கடித்தார். போன வசந்தத்தில் எடுக்கவில்லை. எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "அவ அங்க சொகமாத்தான் இருக்கா" என்றார். அதற்குள் அவருடைய மறதி ஊருக்கே தெரிந்துவிட்டிருந்தது. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

நான் மூட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் உள்ளே வந்தார். உயரமான மனிதர். சதுப்பில் அடுப்பெரிக்கும் கரிமண் வெட்டும் இயந்திரத்தை ஓட்டி ஓட்டி ஒரு காது மந்தம். கதவைச் சாத்தினார். தக்கையை ஒரு விரலால் தட்டினார். அது ஆடியது. ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ யாரு மகன்?"

"லோர்கன். தீவனக் கடை."

"தெரியும் தெரியும். உங்க அப்பன் எனக்கு ஒரு ஏணி தரணும்."

"போன வருஷமே குடுத்தாச்சு மலக்கி," என்றார் பிரீடா.

"அப்ப இன்னொண்ணு தரச் சொல்லு." உட்கார்ந்து தேநீரில் சர்க்கரை போட்டுக்கொண்டார்.

"தவக்காலம். சர்க்கரைய விட்டுட்டேன்னு சாம்பல் புதன் அன்னிக்கு நீதான் சொன்ன."

"நானா?" அவர் கோப்பையைப் பார்த்தார். "இருக்காது. அது எவனோ பக்திமான்." இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பிரீடா சிரித்தார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அந்தச் சிரிப்பு பெஞ்சிலிருந்தே வருவது போல இருக்கும்.

மலக்கி கோழிகளைப் பார்க்க வெளியே போனதும் பிரீடா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சனிக்கிழமை படக எடுக்க வர்றல்ல?"

"வர்றேன். கடையில சொல்லிட்டேன்."

"திங்கக்கெழம துறையில தண்ணிய வடிக்கிறாங்க. கரைச்சுவர் வேலை. அதுக்குள்ள எடுக்கலைன்னா மிஷினால அள்ளிப் போட்டுருவாங்க. அவங்களக் குத்தம் சொல்ல முடியாது, கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே வந்து சொல்லிட்டுப் போனாங்க."

"செவ்வாய்க்கெழம புனித பேட்ரிக் நாள்," என்று தொடர்ந்தார். "ஊர்வலத்துக்கு முன்னால ஹனோரா போகணும். அவன் சுக்கானப் பிடிக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

"பிடிப்பாரா?"

"என் பேரு சில நாள் அவனுக்கு வர்றதில்ல, லோர்கன். ஆனா கயித்தக் குடுத்தா கை தானா முடிச்சுப் போடுது. அவன் முடிச்சு. வேற யாருக்கும் வராது. அந்தக் கைக்குள்ள அவன் எங்கயோ இருக்கான். படகுல நின்னா வந்துருவான்னு தோணுது. கொஞ்ச நேரம். ஒரு மத்தியானம். நான் பேராசைப்படல."

மாவை இரண்டாகப் பிரித்து, மேலே கத்தியால் சிலுவைக் கோடு கீறி, அடுப்பில் வைத்தார். "மழை வராம இருக்கணும்" என்றேன்.

திரும்பும் வழியில் துறையில் நின்றேன். கிழக்குக் காற்று. வேலியில் முட்செடி வெள்ளையாகப் பூத்திருந்தது. கலங்கல் தண்ணீருக்கடியில், கையை விட்டால் எட்டும் ஆழத்தில், ஹனோராவின் விளிம்பு நீள வட்டமாகத் தெரிந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா அதில்தான் வருவார். என் அக்கா கல்யாணத்துக்கு அதில்தான் போனாள். ஒரு முறை பிஷப் வந்து, கரிமண் தூசு வெள்ளை அங்கியில் ஒட்டிக்கொண்டது.

டின்னி லூபி டீசல் பம்ப்பைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தான். ஊரில் எந்த வேலைக்கும் முதல் ஆளாக வருவான். வாயும் முதலில் வரும்.

"சனிக்கிழமை ஒரே ஒரு நிபந்தனை," என்றான். "பிரீடா கையில கயிறு குடுக்கக் கூடாது."

ஊரறிந்த கேலி அது. படகை மூழ்கடிப்பதற்குச் சில நாள் முன்பு மேல்மதகில் ஒரு விபத்து. படகை மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறக்கும் மதகுத் தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். பிரீடா இறுக்கிக் கட்டிவிட்டாராம். படகு கயிற்றில் தொங்கிச் சாய்ந்து, அவர் தண்ணீரில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். "என் முட்டாள்தனம்" என்று அவரே எல்லோரிடமும் சொன்னார். அன்றிலிருந்து கயிறு என்ற சொல் வந்தாலே டின்னிக்குக் கொண்டாட்டம். பிரீடாவும் கூடச் சிரிப்பார்.

மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை

நேற்று எழுத முடியவில்லை. இரண்டு நாளையும் சேர்த்து வரிசையாக எழுத முயல்கிறேன்.

சனிக்கிழமை காலையில் தூறல் இருந்தது, பிறகு நின்றது. துறையில் பாதி ஊர் கூடியிருந்தது. ஹோட்டலிலிருந்து பெரிய கெட்டிலும், பன்றித்தொடை ரொட்டிகளும் வந்தன. சின்னப் பிள்ளைகளுக்கு ஊர்வலத்துக்கான பச்சைத் தொப்பியை யாரோ அப்போதே மாட்டிவிட்டிருந்தார்கள். பிரீடா தக்கையை ஒரு துண்டில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவந்தார். மலக்கி கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தலை வாரி, கோயிலுக்கு வந்தவர் போல நின்றார்.

டின்னியும் இன்னும் இருவரும் நெஞ்சுவரை ரப்பர் உடை போட்டுக்கொண்டு இறங்கினார்கள். முதல் வேலை கல்லை எடுப்பது. அவர்கள் குனிந்து எடுத்துக் கொடுக்க, நாங்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கரையில் அடுக்கினோம். சேறு பூசிய கல் மீன் மாதிரி வழுக்கியது.

மலக்கி திடீரென்று கைகளை உயர்த்தினார்.

"ஒரு பக்கமா எடுக்காதீங்கடா! நடுவுல தொடங்கு. தலைப்பக்கம் ரெண்டு, வால்பக்கம் ரெண்டு. சேறு அவள விடணும். பிடுங்கினா அடிப்பலகை அங்கயே நின்னுரும்."

எல்லோரும் அவரைப் பார்த்தோம். மந்தக்காதுக்காரரின் பழைய கத்தல் குரல். ரொம்ப நாளாக அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

"சரி முதலாளி," என்றான் டின்னி தண்ணீருக்குள்ளிருந்து.

"முதலாளியாம். உன் கால எடு, விலாக்கட்டை மேல நிக்கிற."

டின்னி காலைத் தூக்கிப் பார்த்தான். உண்மைதான். தண்ணீருக்கடியில் இருந்ததை அவர் கரையிலிருந்து சொன்னார். பிரீடா வரிசையில் எனக்கு அடுத்து நின்றிருந்தார். கையில் கல்லோடு என் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல், "பாத்தியா?" என்றார். அவர் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. எப்படி எழுதினாலும் மிகையாகிவிடும்.

கற்கள் தீர்ந்தபோது படகு லேசாக அசைந்தது. பிறகு தூங்கி எழுகிற குதிரை போல முன்பக்கத்தைத் தூக்கி, விளிம்பு முழுவதும் தண்ணீருக்கு மேல் வந்து நின்றது. ஜனங்கள் கைதட்டினார்கள். ஒருவர் அக்கார்டியனை எடுத்தார். பிரீடா துண்டைப் பிரித்துத் தக்கையைக் கொடுத்தார். டின்னி மூச்சடக்கிக் குனிந்து மரச்சுத்தியால் அதை அடித்தான். பம்ப் இரைந்தது. பழுப்புத் தண்ணீர் குழாய் வழியே கால்வாயில் கொட்டியது.

ஒரு தேநீர் குடித்து முடித்தோம். படகுக்குள் தண்ணீர் இறங்கவில்லை.

"பொறு," என்றார்கள். "மரம் ஊறட்டும்" என்றார்கள். ரொட்டி தீர்ந்தது. விளிம்பில் நான் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட கோடு அப்படியே தண்ணீர் மட்டத்தில் இருந்தது. கோட்டைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன்.

டின்னி மறுபடி உள்ளே இறங்கி அடிப்பலகையைக் கையால் தடவிக்கொண்டே போனான். நின்றான். இன்னும் கொஞ்சம் போனான். மறுபடி நின்றான்.

"பம்ப்ப நிறுத்து," என்றான்.

அக்கார்டியனும் நின்றுவிட்டது.

"ஓட்டை இருக்கு. இத்துப்போன ஓட்டை இல்ல. வட்டமா, சுத்தமா. என் கட்டைவிரல் போகுது. எவனோ துரப்பணத்தால போட்டிருக்கான்." தடவித் தடவி இன்னும் நகர்ந்தான். "ஒண்ணு ரெண்டு இல்ல. ஒவ்வொரு பலகையிலயும் நட்டநடுவுல ஒண்ணு."

"நடுவுலயா?" என்றார் மலக்கி.

"ஆமா."

"அப்ப அவனுக்குத் தொழில் தெரியும். ஓரத்துல போட்டா பலகை பிளந்துரும்." அவர் தலையை ஆட்டினார், ஒரு வேலைக்காரன் இன்னொருவன் வேலையைப் பார்த்து ஆட்டுவது போல. பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. முகம் சிவந்தது. "எந்த நாய்டா செஞ்சது? என் படகு! தண்ணியில இருக்கிற படகத் துளைக்கிறவன் மனுஷனா? அவன் கைய ஒடைக்கணும். பிரீடா, போலீஸக் கூப்பிடு. அந்தக் கைய ஒடைக்கணும்."

"டவுன் பசங்களா இருக்கும்," என்று யாரோ சொன்னார்.

பிரீடா கரையோரம் வந்து மண்டியிட்டார். "டின்னி, எந்தப் பக்கமிருந்து துளைச்சிருக்கு?"

"உள்ளருந்து. சிலும்பு அடியில இருக்கு." சொல்லிவிட்டு டின்னி கரையில் அடுக்கியிருந்த கற்களைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவ்வளவு கல்லும் அந்த ஓட்டைகளுக்கு மேல்தான் இருந்தது. கல் வைப்பதற்கு முன்னால் போட்டவை அவை.

பிரீடா எழுந்திருக்கச் சற்று நேரமாயிற்று. முழங்காலில் சேறு.

"விட்டுருங்க," என்றார்.

"என்னது?"

"போதும். விட்டுருங்க."

"பிரீடா, மரம் கெடாம கெட்டியா இருக்கு," என்றான் டின்னி. "மறுபடி கொஞ்சம் கல்ல வச்சு அசையாம நிறுத்திட்டு, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு ஆப்பு அடிச்சாப் போதும். சீவிக் குடுக்கறதுக்கு இங்க பத்துப் பேரு நிக்கிறாங்க. சாயங்காலத்துக்குள்ள மேல வந்துருவா. செவ்வாய்க்கெழம ஊர்வலத்துக்கே போகலாம்."

"வேணாம்."

"பாதி ஊரு காலையிலருந்து கல்லு தூக்கியிருக்கு," என்றார் அக்கார்டியன்காரர். குரலில் மனவருத்தம் தெரிந்தது. "ஒரு காரணமாவது சொல்லக் கூடாதா?"

"ரொம்ப நன்றி எல்லாருக்கும். வேணாம். அடிமரம் போச்சு. எனக்குத் தெரியும்."

போகவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஹோட்டல்காரப் பெண் கோப்பைகளைத் தேவைக்கு மேல் சத்தமாக அடுக்கினாள். டின்னி ஒரு நொடி பிரீடாவைப் பார்த்தான். குனிந்து தக்கையை உருவி, கரையில் நின்ற என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன். ஹனோரா விளிம்பு மட்டும் தெரிய, உள்ளும் வெளியும் ஒரே தண்ணீராக நின்றது. மலக்கி இன்னும் அந்தக் கையைத் தேடிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரின் கைகளையும் பார்த்தார்.

அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போனது நான்தான். வாசலுக்கு வருவதற்குள் கோபம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்கு மறந்து, கோபம் மட்டும் மிச்சமிருந்தது. காலணியைக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டார். பிரீடா அவர் கால் பக்கத்தில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தார்.

"கொட்டகையில துரப்பணம் தொங்கும்," என்றார். "போய்ப் பாக்க வேண்டியதில்ல. எனக்குத் தெரியும். அவனத் தவிர யாரு நடுவுல துளைப்பா?"

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காரு. மதகுல நடந்தது உனக்குத் தெரியுமா? ஊருக்குத் தெரிஞ்சதச் சொல்லாத."

"நீங்க கயித்த இறுக்கிக் கட்டிட்டீங்கன்னு..."

"நான் படகுல இருந்தேன். கயிறு கரையில, அவன் கையில. கட்டுத்தறியில முடிச்சப் போட்டான். தண்ணியத் திறந்து விட்டான். அப்புறம் வீட்டுக்கு நடந்து போயிட்டான்."

"போயிட்டாரா?"

"போயிட்டான். நான் கத்தினேன். மந்தக்காது. படகு சாஞ்சுது, விழுந்தேன். முறிஞ்ச கையோட சுவத்து ஏணியப் பிடிச்சு எப்படி ஏறினேன்னு இன்னிக்கும் தெரியாது. சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தா, இதே மேசை. ரெண்டு கோப்பை வச்சு, தேநீர் ஊத்தி, எனக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கான். 'எங்க போயிட்ட? மழையா வெளிய?'ன்னு கேட்டான்."

ஒரு காலணியைக் கழற்றி அடுப்போரம் வைத்தார்.

"அதுக்கப்புறம்தான் சொன்னேன், என் முட்டாள்தனம்னு. எல்லாரும் நம்பினாங்க. அவனும் நம்பிட்டான்னு நெனச்சேன். ரெண்டு நாள் கழிச்சு, அறுந்து மிச்சமிருந்த கயித்த எடுத்துட்டு வரேன்னு மதகுக்குப் போனான். கட்டுத்தறியில அவன் முடிச்சு அப்படியே இருந்திருக்கும். பாத்திருப்பான். வேற யாருக்கும் வராத முடிச்சு. வந்து ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு அவன் தெளிவா இருந்தான். அது எனக்கு ஞாபகமிருக்கு. என் கட்டுப்போட்ட கையப் பாத்துக்கிட்டே உருளைக்கிழங்கு உரிச்சான். அடுத்த வாரம் படக மூழ்கடிச்சான். தக்கையக் கொண்டுவந்து மாட்டினான். நானும் குளிர்காலத்துக்குத்தான்னு நெனச்சேன். ஊரே அப்படித்தான் நெனச்சுது. இந்த ஊர்ல படகு தண்ணிக்குள்ள போனா வேற எப்படி நெனைப்பாங்க?"

"அதனாலதான் வேணாம்னு சொன்னீங்களா?"

"அவன் புத்தியோட இருந்தப்ப கடைசியாச் செஞ்ச காரியம் அது. மறந்துட்டு மறுபடி என்ன அதுல ஏத்திடக் கூடாதுன்னு எனக்காகச் செஞ்சது. ஆப்பு அடிச்சு அதை நான் மூடிட்டு, அவன அதுமேல நிக்க வச்சு, கொடி புடிச்சு ஊர்வலம் விடவா?" புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா காலையில பாத்தல்ல. வந்துட்டான். நெசமாவே வந்துட்டான். டின்னி கால் எங்க இருக்குன்னு சொன்னான்."

"பார்த்தேன்."

"ஒரு மத்தியானம்தான் கேட்டேன்."

நான் எழுந்தபோது கேட்டேன், டின்னியிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லட்டுமா, அந்தக் கயிற்றுக் கேலியையாவது நிறுத்துவான் என்று.

"சொல்லாத. அந்தக் கேலி இருக்கட்டும். அவங்க என்னப் பாத்துச் சிரிக்கிற வரைக்கும் அவனப் பத்தி யாரும் யோசிக்க மாட்டாங்க."

இன்று பூசை முடிந்து வாசலில் நின்றோம். ஜனங்கள் பிரீடாவிடம் வானிலை பற்றிப் பேசினார்கள்; துறை பற்றி ஒருவரும் பேசவில்லை. மலக்கி எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார். "ஹனோராவ எப்ப எடுக்கிறீங்க?" என்று அவரே டின்னியிடம் கேட்டார்.

டின்னி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "குளிர் போகட்டும் முதலாளி."

"அதான் சரி. அவசரப்படக் கூடாது. சொகமாத்தான் இருக்கா."

"எடுக்கும்போது ஒண்ணு," என்றான் டின்னி. "பிரீடா கையில கயிறு மட்டும் குடுக்கக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். பிரீடா சிரித்தார். மலக்கி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்து, பிரீடாவின் தோளைத் தட்டினார். நானும் சிரித்தேன். டின்னி சிரிக்காமல் என்னையே பார்த்தான். அவனுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இது நினைத்தது, வேறு பத்தியில் போட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியபோது பையில் கனம். தக்கை. நேற்று டின்னி கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமலே வந்திருக்கிறேன். நேற்றும் இன்றும் மலக்கி கதவைச் சாத்தி, விரலை நீட்டி, வெறும் ஆணியைத் தட்டியிருப்பார். பிரீடா என்ன சொல்லிச் சமாளித்தாரோ. ஈரம் உலர்ந்து அது சற்றுச் சிறுத்தாற்போல இருக்கிறது. ஒருவேளை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை ஊர்வலம் என்பதால் வகுப்பு இல்லை. இருந்தாலும் இதை அங்கே வாசிக்கப் போவதில்லை. பிரீடா செய்தது சரியா என்று பலமுறை எழுதி அடித்துவிட்டேன். ஆப்பு அடித்திருந்தால் நாளை மறுநாள் மலக்கி சுக்கானைப் பிடித்து நின்றிருப்பார். அது நடந்திருக்கும். அதை மட்டும் அடிக்காமல் விடுகிறேன்.

நாளை செய்ய வேண்டியது: மலக்கி எழுவதற்கு முன் போய்த் தக்கையை ஆணியில் மாட்ட வேண்டும். எட்டு மணிக்குத் துறையில் இயந்திரம் வரும். அதற்குள் அவரை எதிர்ப்பக்கம், பாலம் தாண்டிச் சதுப்புப் பாதையில், நடக்கக் கூட்டிப்போக வேண்டும். படகைப் பற்றிக் கேட்டால், குளிர்காலத்துக்கு மூழ்கடித்து வைத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும்.